லிஸ்டில் பேர் இருக்கிறது, பிள்ளை எங்கே?

(இரண்டாவது நிகழ்நிலை முன்னோடிப் பாடநெறிக்கு மாணவர்களைப் பதிவு செய்வது தொடர்பாக ஹட்டனில் நடைபெற்ற கூட்டத்தில், நமது நிதியத்தின் கல்விப் பிரிவு சார்பில் ஆற்றப்பட்ட உரை. சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களும் நலன்புரி உத்தியோகத்தர்களும் மாதர் சங்க, இளைஞர் கழகப் பிரதிநிதிகளும் கலந்துகொண்டனர்.)



இன்று எங்களைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஒன்லைன் கோர்ஸுக்கு ஆள் சேர்ப்பது. ஒரு போர்ம், ஒரு கையெழுத்து, அதோடு முடிந்தது என்று 2024இல் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பினால் என்ன நடந்தது என்பதை ஒளிக்காமல் உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறோம். இந்த முறை பதிவு செய்யப்போவது கொழும்பில் இருக்கும் கணினி அல்ல, நீங்கள். ஆகையால் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டு வேலையில் இறங்குவது நல்லது.

பாடநெறியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு, ஏ.எல். போக முடியாமலோ போக விருப்பமில்லாமலோ லயத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக அடிப்படைக் கணினியும் அலுவலக ஆங்கிலமும் 6 மாதத்துக்குக் கற்றுக்கொடுக்கிறோம். பாடம் கையடக்கத் தொலைபேசியிலேயே வரும். மொத்தம் 40 இடம். "ஒன்லைன்தானே, கதிரையா போடப்போறீங்க, நானூறு பேரைச் சேர்த்தா என்ன?" என்று பலர் கேட்டார்கள். கதிரை வேண்டாம், உண்மை. ஆனால் பிள்ளை அனுப்பும் பயிற்சியை ஒருவர் படித்துத் திருத்தி, பிழையைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். எங்களிடம் இருக்கும் ஓர் ஆசிரியை வாரத்துக்கு 40 பேருடைய பயிற்சியைத்தான் ஒழுங்காகப் பார்க்க முடியும். அதற்கு மேல் சேர்த்தால் பிள்ளைகள் அனுப்புவார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் வாரம் அவர்களும் அனுப்ப மாட்டார்கள்.

முன்னோடி என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புதுக் கன்றை உண்டாக்கினால் அதை உடனே மலை முழுக்க நட மாட்டார்கள். சின்ன இடத்தில் நட்டுப் பார்த்து, எத்தனை பிடித்தது, எத்தனை பட்டுப்போனது என்று எண்ணுவார்கள். பட்டுப்போனதை எண்ணாமல் விட்டால் அந்தச் சோதனையே வீண். எங்களுடைய முதல் தவறு அங்கேதான் இருந்தது, அதற்குப் பிறகு வருகிறோம்.

முதல் முறை நாங்கள் செய்தது இதுதான். பதிவு லிங்கை ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினோம். முந்துகிறவருக்கு இடம் என்று விதி வைத்தோம். இரவு 9 மணிக்குள் 40 இடமும் நிரம்பிவிட்டது. நாங்கள் சந்தோஷப்பட்டோம். அலுவலகத்தில் தேநீர் போட்டுக் குடித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த நாள் காலை ஒரு தோட்டத்தில் பிரட்டுக்களத்துக்குப் போயிருந்தோம். ஓர் அம்மா படங்கைக் கட்டிக்கொண்டே வந்து கேட்டார்: "ஐயா, நேத்து மூணு மணிக்கி நாங்க மலையிலதானே நின்னோம். எறங்கி வந்து, கொழுந்து நிறுத்து, வீட்டுக்குப் போயி போனத் தொறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சின்னா, அது யாருக்கு வச்ச கோர்ஸுங்க?"

எங்களிடம் பதில் இல்லை. பட்டியலை எடுத்துப் பார்த்தோம். டவுனுக்குப் பக்கத்துப் பிரிவுகளிலும் உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸிலும் இருந்துதான் பெரும்பாலான பெயர்கள் வந்திருந்தன. மேல் டிவிஷன்களிலிருந்து ஒரு பெயரும் இல்லை. அந்த டிவிஷன்களில் சிக்னல் பிடிக்கக் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாத செய்தியும் அல்ல. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பிலும் தொலைக்காட்சி 'குருகெதர' நிகழ்ச்சியிலும் வந்த காலத்தில், சிக்னல் தேடி மேடு ஏறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது போனுக்குச் சார்ஜ் ஏற்றவே வழி இருக்கவில்லை. இதையெல்லாம் பார்த்த நாங்களே, பிறகு 3 மணிக்கு லிங்க் அனுப்பினோம்.

முந்தியவருக்கு இடம் என்பது நியாயமான விதி மாதிரித் தோன்றும். யார் பக்கமும் சாயவில்லை அல்லவா? ஆனால் அந்த விதி டேட்டா உள்ளவர் பக்கம், பகலில் போனைக் கையில் வைத்திருப்பவர் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. முந்திச் சேர்ந்த பிள்ளைகள் மேல் குற்றம் இல்லை. அவர்களும் நம் பிள்ளைகள்தான், அவர்களை நாங்கள் நீக்கவும் இல்லை. விதி வைத்தவர்கள் நாங்கள்.

ஆகவே இந்த முறை லிங்க் இல்லை. 5 டிவிஷன், ஒவ்வொன்றுக்கும் 6 இடம், ஆக 30. மிச்சம் 10 இடம் எல்லோருக்கும் பொது. பெயர் எடுப்பது பிள்ளைக்காம்பராவில், வேலை விட்டு வந்த பிறகு, 5 மணியிலிருந்து. ஒரு நாள் அல்ல, 10 நாள் எடுங்கள். முதல் நாள் வந்தவரும் பத்தாம் நாள் வந்தவரும் ஒன்றுதான். ஆறு பேருக்கு மேல் வந்தால் அதே இடத்தில், தாய் தகப்பன் முன்னிலையில், சீட்டுக் குலுக்கிப் போட வேண்டும். டீச்சர் தன் விருப்பத்துக்கு எடுத்தார், தலைவர் சொன்னதற்கு எடுத்தார் என்ற பேச்சு வரக்கூடாது. சீட்டில் வராத பெயர்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். குலுக்கலில் வந்த வரிசைப்படியே எழுதி, சுவரில் ஒட்டிவிடுங்கள். அதுதான் காத்திருப்போர் பட்டியல். இடம் ஒன்று காலியானால் இரண்டாம் வாரம் முடியும்வரை அந்த வரிசையில் அடுத்த பிள்ளையை எடுப்போம். மூன்றாம் வாரத்துக்குப் பிறகு எடுக்க மாட்டோம். மூன்றாம் பாடம் முதல் இரண்டின் மேல் கட்டியது. நடுவில் ஏற்றிவிட்ட பிள்ளை ஒன்றும் விளங்காமல் நிற்கும்.

ஒரு நலன்புரி உத்தியோகத்தர் எங்களிடம் ஒரு யோசனை சொன்னார். எப்படியும் கொஞ்சப் பேர் விட்டுவிடுவார்கள், ஆகையால் 60 பேரைச் சேர்த்தால் கடைசியில் 40 சரியாக வரும் என்றார். பஸ்காரர் கணக்கு அது, வழியில் இறங்குவார்கள் என்று நம்பி ஏற்றுவது. முழுப் பாடநெறியாக நடக்கும் காலத்தில் அதைப் பற்றி யோசிக்கலாம். இப்போது வேண்டாம் என்பது எங்கள் முடிவு. பிள்ளைகள் ஏன் விடுகிறார்கள் என்று அறிவதற்காகத்தான் இந்த முன்னோடியே. அவர்கள் விடுவார்கள் என்று முன்கூட்டியே கழித்துக்கொண்டால் யாரும் போய் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

இனி பெயர் எழுதும் வேலை. இதில்தான் எங்களுக்கு அதிகத் தலைவலி வந்தது, ஆகையால் கொஞ்சம் நின்று சொல்கிறோம்.

பாடங்கள் இருக்கும் மென்பொருளுக்கு மூடில் என்று பெயர். 2002இல் அவுஸ்திரேலியாவில் வெளிவந்தது, இலவசமாகக் கிடைக்கிறது, நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பாவனையில் இருக்கிறது. அது ஒவ்வொருவரிடமும் இரண்டு பெயர் கேட்கும். முதற்பெயர் ஒன்று, குடும்பப் பெயர் ஒன்று. ஒன்றை வெறுமையாக விட்டால் ஏற்றுக்கொள்ளாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தானே முன்னால் நிற்கிறது. முதல் முறை சில பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதினார்கள், சிலர் ஒரே ஓர் எழுத்தைப் போட்டார்கள், சிலர் தோட்டத்தின் பெயரையே எழுதினார்கள். பட்டியலை எடுத்தால் ஒரே குடும்பப் பெயரில் வரிசையாகப் பிள்ளைகள், எல்லோரும் ஒரு தோட்டத்துக்குப் பிறந்த மாதிரி! சிரிப்பாகத்தான் இருந்தது, புள்ளிகளை மாற்றிப் பதியும்வரை.

பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் சிங்களத்தில் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக் கூட்டல், வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று. ஒரு பிள்ளை வீட்டுப் பெயரில் ஒரு தடவையும் அட்டைப் பெயரில் ஒரு தடவையும் பதிந்து இரண்டு இடத்தைப் பிடித்திருந்தது. களவுக்குச் செய்ததல்ல. முதலாவது சரியாகப் போகவில்லை என்று பயந்து திரும்பவும் போட்டிருக்கிறது. ஆகவே இந்த முறை அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலத்தில் ஒரு தடவை, வீட்டில் கூப்பிடும்படி தமிழில் ஒரு தடவை, இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் எல்லோருக்கும் தகப்பனின் முழுப் பெயர். தகப்பன் பெயர் தர விரும்பாத வீடும் இருக்கும். காரணம் கேட்காதீர்கள், தாயின் பெயரை எழுதுங்கள்.

அடையாள அட்டை இலக்கத்தைப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. 12 இலக்க அட்டையில் முதல் 4 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2006 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்பிள்ளைக்கு 2006532 என்று தொடங்கும். பதினெட்டு வயதுப் பெண்பிள்ளையின் பெயருக்கு நேரே 74 என்று தொடங்கி வீ எழுத்தில் முடியும் பழைய இலக்கம் இருந்தால், அது தகப்பனின் அட்டை என்று அந்த இடத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இன்னும் அட்டை எடுக்காத பிள்ளைகள் வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். எங்கள் பதிவு எண் ஒன்றைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டு, அட்டை எடுப்பதற்கு கிராம உத்தியோகத்தரிடம் கூட்டிப் போங்கள்.

அட்டையின் போட்டோ கொப்பி கேட்காதீர்கள், இலக்கம் போதும். 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் பெரியவர்கள் கடதாசிக்குப் பயந்தவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நாடற்றவர்களாகி, 2003இல் வந்த சட்டம்வரை பிரஜாவுரிமைக்காகக் கடதாசி தூக்கி அலைந்த வீடுகள் இவை. "எதுக்குங்க ஐயா நம்பரு?" என்று ஒரு தாத்தா கேட்டால் எரிச்சல் படாமல் உட்கார்ந்து விளக்கிச் சொல்லுங்கள்.

அடுத்தது போன். ஒரு வீட்டில் ஒரு ஸ்மார்ட் போன், அது அப்பாவின் பேரில். அக்காளும் தங்கையும் இருவருமே படிக்க வருகிறார்கள். மூடில் சாதாரணமாக ஓர் ஈமெயிலுக்கு ஒரு கணக்குத்தான் திறக்க விடும். அக்காள் பதிந்துவிட்டாள், தங்கையைத் தள்ளிவிட்டது. தங்கை தனக்குத் தகுதி இல்லை என்று நினைத்துக்கொண்டாள். அந்த ஈமெயிலும் யார் போட்டது? டவுனில் கொமினிகேஷன் கடைக்காரத் தம்பி 100 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்தது. கடவுச்சொல் அவருக்குத்தான் தெரியும், பல பேருக்கு ஒரே கடவுச்சொல். இனிமேல் கணக்குகளை நாங்களே திறந்து, பெயரும் கடவுச்சொல்லும் எழுதிய துண்டுச் சீட்டை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்கிறோம். பிள்ளைக்காம்பராவில் உங்கள் முன்னிலையில் ஒரு தடவை உள்ளே நுழைந்து, கடவுச்சொல்லைத் தானே மாற்றிய பிறகுதான் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். இதற்குத் தேவையான டேட்டா எங்கள் செலவு.

இப்போது நாங்கள் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறோம்.

மூடிலில் ஒரு தெரிவு இருக்கிறது. இத்தனை நாள் உள்ளே வராத மாணவரைத் தானாகவே பாடநெறியிலிருந்து எடுத்துவிடு என்று வைக்கலாம். காலி இடத்தைக் காத்திருப்பவருக்குக் கொடுக்கலாமே என்ற நல்ல எண்ணத்தில், நாங்கள் அதில் 14 நாள் என்று வைத்தோம். வைத்துவிட்டு மறந்தும் போனோம்.

மேல் டிவிஷனிலிருந்து யாரும் வரவில்லை என்றோமே, பிறகு நாங்கள் நேரே போய் இரண்டு பிள்ளைகளைச் சேர்த்தோம். அதில் ஒரு தங்கச்சி முதல் இரண்டு பயிற்சியையும் அழகாகச் செய்து அனுப்பியிருந்தாள். பிறகு வீட்டுப் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஹட்டனில் திருத்தக் கொடுத்து, காசு சேர்த்து எடுத்து வர 17 நாள். எடுத்து வந்து திறந்தால் பாடத்தைக் காணோம். நீங்கள் இந்தப் பாடநெறியில் இல்லை என்று மிஷின் சொல்கிறது. பிள்ளை என்ன நினைக்கும்? "என் பேர வெட்டிட்டாங்க" என்று நினைத்துக்கொண்டாள். செக்ரோலில் பேர் வெட்டினால் தலைவரிடம் போய்க் கேட்கலாம், துரையிடம் பேசலாம். மிஷின் வெட்டினால் யாரிடம் கேட்பது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை. எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து, பிள்ளைக்காம்பரா டீச்சர் வேறு ஒரு விஷயமாகப் பேசும்போது இடையில் சொன்னதால்தான் அறிந்தோம்.

வீட்டுக்குப் போனோம். தாய் உட்காரச் சொல்லி, பிளேன்டீ கொடுத்து, மகள் பயிற்சி எழுதிப் பார்த்த கொப்பியைக் காட்டினார். பிள்ளை கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய் இரண்டு வாரம். திரும்பச் சேர்க்கும்போது பழைய புள்ளிகளை மீட்கவும் மூடிலில் வழி இருக்கிறது. பேரைப் போட்டாயிற்று, புள்ளியும் அப்படியே வந்துவிட்டது என்று சொன்னோம். அந்த அம்மா கோபப்படவில்லை. "சரிங்க ஐயா, போட்டாச்சின்னு சொல்றீங்க. அவ இனி தீவாளிக்கித்தான் வருவா" என்றார்.

இந்தக் கதையில் மிஷினைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. 14 என்று போட்ட கை எங்களுடையது.

இப்போது அந்தத் தெரிவை அறவே நிறுத்திவிட்டோம். 7 நாள் ஒரு பிள்ளை உள்ளே வரவில்லையென்றால் எங்களிடமிருந்து உங்களுக்கு அழைப்பு வரும். நீங்கள் வீட்டுக்குப் போய், போன் பழுதா, ரீலோட் இல்லையா, வீட்டில் யாருக்கும் சுகமில்லையா, பாடம் விளங்கவில்லையா என்று கேட்டு எழுத வேண்டும். பாடம் விளங்கவில்லை என்பதை எந்தப் பிள்ளையும் முதலில் சொல்லாது, சிக்னல் இல்லை என்றுதான் சொல்லும். கொஞ்ச நேரம் இருந்து பேசினால் வரும். உண்மையிலேயே தொடர முடியாத பிள்ளை என்றால், தானே சொல்லிக் கையெழுத்து வைத்த பிறகு, பெயரை நீக்காமல் இடைநிறுத்தி வைப்போம். இடைநிறுத்தினால் செய்த வேலை எல்லாம் அப்படியே இருக்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

முதல் தவறு என்று சொன்னோமே, அது அறிக்கை. முதல் முறை முடிவில் 'சேர்ந்தவர்கள் 40' என்று எழுதி அனுப்பினோம். நன்றிக் கடிதமும் வந்தது. அந்த 40இல் ஒரு தடவைகூட உள்ளே நுழையாதவர்களும் இருந்தார்கள், இரண்டு தடவை பதிந்த பிள்ளையும் இருந்தது, துணிக்கடைக்குப் போன தங்கச்சியும் இருந்தாள். மலையில் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் போடுகிறார்கள், அதற்காக நாம் சண்டை பிடிக்கிறோம். இங்கே ஆளே வராமல் முழுப்பேர் போட்டிருக்கிறோம். அந்த எண்ணை நம்பி யாராவது இதை எல்லாத் தோட்டங்களுக்கும் விரித்திருந்தால், அதே 3 மணி லிங்கும் அதே 14 நாளும் மலையகம் முழுக்கப் போயிருக்கும்.

ஆகவே நோட்டில் பெயருக்கு நேரே மூன்று கட்டம் போட்டிருக்கிறோம். பெயர் கொடுத்த திகதி, முதன்முறை உள்ளே நுழைந்த திகதி, முதல் பயிற்சியை அனுப்பிய திகதி. மூன்றாவது கட்டம் நிரம்பிய பிள்ளையைத்தான் சேர்ந்தவர் என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கை 40க்குக் கீழே வந்தால் வரட்டும். உங்கள் டிவிஷன் எண் குறைவாக இருக்கிறது என்று யாரும் உங்களைக் கேட்க மாட்டோம். கட்டம் வெறுமையாக இருந்து, பக்கத்தில் காரணமும் வெறுமையாக இருந்தால் கேட்போம்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டிவிஷனுக்கு ஆறில் மூன்று பெண்பிள்ளைகள் என்று வைத்திருக்கிறோம். போன் அண்ணனிடம் இருக்கும் வீட்டில் தங்கைக்கு எப்போது போன் கிடைக்கும் என்பதையும் பதியும்போதே தாய் தகப்பனிடம் கேட்டு, நேரத்தை எழுதி வையுங்கள். எழுதி வைத்தால் கொடுப்பார்கள், வாயால் சொன்னால் மறந்துபோகும்.

நோட்டுப் புத்தகங்கள் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கின்றன. டிவிஷனுக்கு ஒன்று, மேலுறையில் டிவிஷன் பெயர் எழுதியிருக்கிறது, பார்த்து எடுங்கள். குலுக்கல் சீட்டும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறோம். கேள்வி இருப்பவர்கள் இருந்து கேளுங்கள். 4 மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மேல் டிவிஷன்காரர்கள் முதலில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.